திரும்பி வர ஒரு பவுண்டு

ஹில்டா: ...கொடுடி இங்க. டிக்கெட்டைத் தின்னுடவா போறேன்?

ஏவிஸ்: எங்கிட்டயே இருக்கட்டும் அக்கா. நீ எங்கயாவது வச்சுடுவே.

ஹில்டா: எங்கயாவதுன்னா எங்க?

ஏவிஸ்: கையுறைக்குள்ள. கண்ணாடிக் கூட்டுக்குள்ள. ஒரு தடவை இஞ்சி பிஸ்கட் டப்பாவுல இருந்துது.

ஹில்டா: வச்சது நான். தேடினது நீ. கடைசியில எடுத்துக் கொடுத்தது யாரு?

ஏவிஸ்: ...நீதான்.

ஹில்டா: அப்புறம் என்ன? கடல் பக்கத்து ஜன்னலையும் நீயே பிடிச்சுக்கிட்டே. டிக்கெட்டாவது என் கையில இருக்கட்டும்.

ஏவிஸ்: கடல் காத்து உனக்கு ஆகாதுன்னுதான்...

ஹில்டா: இந்த ரயில் ஜன்னல் எப்பத் திறந்துது? கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டா காத்து வரும்?

ஏவிஸ்: வொர்க்கிங்டன்ல ஏறி உட்கார்ந்து சீட்டு கூடச் சூடாகல. ஆரம்பிச்சுட்டே. இந்தா, பிடி. பாத்துட்டுத் திருப்பிக் கொடு.

ஹில்டா: கண்ணாடி எங்க... ம். இது ரிட்டர்ன். வொர்க்கிங்டன்ல இருந்து கார்லைல், போக வர. முதியோர் அட்டைக்குக் கழிச்சிருக்கான். நல்ல பையன்.

ஏவிஸ்: டீ ஊத்தட்டுமா? ஃபிளாஸ்க்ல சூடா இருக்கு.

ஹில்டா: இரு. இன்னொண்ணு... ஏவிஸ்.

ஏவிஸ்: சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?

ஹில்டா: ஏவிஸ், இது ஒரு வழி டிக்கெட்.

ஏவிஸ்: அப்படியா?

ஹில்டா: என்னடி ‘அப்படியா’? ரெண்டு பேர் போறோம். ஒண்ணு ரிட்டர்ன், ஒண்ணு ஒரு வழி.

ஏவிஸ்: கவுன்டர்ல இருந்தவன் புதுசு அக்கா. கை தவறி அடிச்சிருப்பான்.

ஹில்டா: இப்பதானே அவனை நல்ல பையன்னு சொன்னேன்.

ஏவிஸ்: நல்ல பையன்தான். புது நல்ல பையன்.

ஹில்டா: நீ பாத்து வாங்கலையா? கடையில ஒரு முட்டைக்கோசு வாங்கினா நாலு இலை உரிச்சுப் பாத்துட்டு வாங்கறவ நீ.

ஏவிஸ்: பின்னாடி கூட்டம். ஒருத்தர் இருமிக்கிட்டே நின்னார்.

ஹில்டா: யாரு இருமினாலும் நீ நகர மாட்டியே. ஏன்டி, ஒரு வழிக்கும் ரிட்டர்னுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

ஏவிஸ்: கொஞ்சம்தான்.

ஹில்டா: ஒரு பவுண்டு. போறதுக்கு உயிரை வாங்குவான், வர்றதுக்கு ஒரு பவுண்டு வாங்குவான். ஏன்னு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இந்த நாட்டுல மூளை உள்ளவன் எவனாவது ஒரு வழி எடுப்பானா? வராதவன் கூட ரிட்டர்ன்தான் எடுப்பான், எதுக்கும் இருக்கட்டும்னு.

ஏவிஸ்: சரி, தப்பு நடந்துபோச்சு. விடு.

ஹில்டா: அப்பா சொல்வாரே...

ஏவிஸ்: அதை ஆரம்பிக்காதே.

ஹில்டா: ‘ரயில்ல ஒரு வழி போறது சவப்பெட்டி மட்டும்தான்’னு. அந்தக் காலத்துல பெட்டிக்கும் டிக்கெட் உண்டே. பெட்டிக்கு ஒரு வழி, கூட அழுதுக்கிட்டுப் போறவங்களுக்கு ரிட்டர்ன். இதைப் பாரு. அச்சு அசலா அப்படியே இருக்கு. ஒண்ணு ஒரு வழி, ஒண்ணு ரிட்டர்ன்.

ஏவிஸ்: ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசறே...

ஹில்டா: இதுல பெட்டி யாரு?

ஏவிஸ்: அக்கா.

ஹில்டா: கேட்டா என்ன? நம்ம ரெண்டு பேர்ல யாரு பெட்டி?

ஏவிஸ்: டீ ஆறிடும். குடி.

ஹில்டா: டீயைக் கேட்டேனா நான்? சாயங்காலம் நான் எப்படித் திரும்பி வர்றது? அதைச் சொல்லு.

ஏவிஸ்: அது... அதை அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு அங்க ஆட்டுக்கறியும் புதினா சாஸும். உனக்குப் பிடிக்குமே.

ஹில்டா: கார்லைல் வரைக்கும் போய் ஆட்டுக்கறி தின்னா, அங்கயே படுத்துக்கணுமா?

ஏவிஸ்: மேரிபோர்ட் வந்துடுச்சு. பாரு, படகெல்லாம் எப்படி நிக்குது.

ஹில்டா: உன் தோள் மறைக்குது. எதைப் பாக்கறது?

ஏவிஸ்: உனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கா அக்கா? சின்ன வயசுல இதே வழியில... விக்டன்ல நம்மளை இறக்கி விட்டானே...

ஹில்டா: விக்டன் இல்ல. ஆஸ்பேட்ரியா.

ஏவிஸ்: விக்டன்தான்.

ஹில்டா: ஆஸ்பேட்ரியா. மழை. ஸ்டேஷன்ல ஒரு கோழிக்கூடை இருந்துது, உள்ள கோழியோட. நீ அதுக்கு உன் ரொட்டியைப் பிச்சுப் போட்டே. மூணாம் வகுப்பு டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு முதல் வகுப்புல ஏறினது யாரு?

ஏவிஸ்: அந்த சீட்டு வெல்வெட். தலை சாயற இடத்துல வெள்ளைத் துணி போட்டிருந்தான். நான் என்ன பண்ணுவேன்?

ஹில்டா: ‘வாடி, ரெண்டாம் வகுப்புக்காவது போய் உட்காரலாம்’னு நான் சொல்லலையா?

ஏவிஸ்: சொல்லியிருக்க மாட்டே. அப்போ ரெண்டாம் வகுப்புன்னு ஒண்ணே கிடையாது. ஒண்ணு, மூணு. அவ்வளவுதான்.

ஹில்டா: சரிதான். சும்மா உன்னைச் சோதிச்சேன். அப்பாதான் கிண்டல் பண்ணுவார், நடுவுல இருக்கறவன் நடந்துதான் போகணும்னு. டிக்கெட் பாக்கற கார்டு வந்து நின்னப்போ நீ என்ன பண்ணினே?

ஏவிஸ்: தூங்கிட்டேன்.

ஹில்டா: தூங்கற மாதிரி நடிச்சே. வாயைத் திறந்து, குறட்டை கூட விட்டே. அவன் என் காதைப் பிடிச்சான். வீட்டுல அடியும் எனக்குத்தான்.

ஏவிஸ்: இதெல்லாம் எப்படி உனக்கு இவ்வளவு துல்லியமா...

ஹில்டா: எப்படின்னா?

ஏவிஸ்: ஒண்ணுமில்ல. பழசு நல்லா நிக்குமாம். அப்படித்தான் சொல்றாங்க.

ஹில்டா: யாரு சொல்றாங்க?

டெரிக்: டிக்கெட் காட்டுங்க... டிக்கெட்... அடடே, அம்மா ரெண்டு பேருமா. சௌக்கியமா?

ஏவிஸ்: சௌக்கியம் டெரிக். இந்தாங்க, ரெண்டும் இருக்கு. பாத்தாச்சா? சரி, போங்க.

ஹில்டா: போகாதீங்க தம்பி. நீங்கதானே இந்த வண்டிக்குக் கார்டு? இதைப் பாருங்க.

டெரிக்: ஒரு வழி. செல்லும்மா, தாராளமா செல்லும்.

ஹில்டா: செல்லும்னு எனக்குத் தெரியும். திரும்பி வரச் செல்லுமா?

டெரிக்: அது... செல்லாதும்மா.

ஹில்டா: கவுன்டர்ல தப்பா அடிச்சுட்டானாம், இவ சொல்றா. மாத்திக் கொடுக்க முடியுமா?

ஏவிஸ்: எதுக்கு அக்கா அவரைத் தொந்தரவு பண்றே...

டெரிக்: தொந்தரவு என்ன. ஒரு பவுண்டுதான். வழக்கம்போல மாத்திடலாம்...

ஏவிஸ்: டெரிக்.

ஹில்டா: வழக்கம்போலவா? என்ன வழக்கம்?

டெரிக்: அது... எல்லாருக்கும் வழக்கமா மாத்திக் கொடுக்கறதுதான்மா. அப்படிச் சொன்னேன்.

ஹில்டா: அதுக்கு உங்க முகம் ஏன் இப்படிச் சிவக்குது?

டெரிக்: பெட்டிக்குள்ள ஹீட்டர் கொஞ்சம் அதிகம்மா.

ஹில்டா: இந்த வண்டி ஹீட்டரா? எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. இந்தாங்க பவுண்டு. என் பணம், இவ பணம் இல்ல.

ஏவிஸ்: வேண்டாம் அக்கா.

ஹில்டா: ஏன் வேண்டாம்?

ஏவிஸ்: வேண்டாம்னா வேண்டாம். வீணாப் போகும்.

ஹில்டா: திரும்பி வீட்டுக்கு வர்றது வீணா?

டெரிக்: நான் அடிச்சே கொடுத்துடறேன் அம்மா. அவங்க ஆசைப்படறாங்க... இந்தாங்க. இது போறதுக்கு. இது வர்றதுக்கு. வர்றது இன்னிக்கு மட்டும்தான் செல்லும், நாளைக்குச் செல்லாது.

ஹில்டா: இன்னிக்கு முழுக்கச் செல்லுமா?

டெரிக்: கடைசி வண்டி வரைக்கும்.

ஹில்டா: நல்லது தம்பி. போய் மத்தவங்களைப் பாருங்க. ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?

ஏவிஸ்: ஒண்ணுமில்ல.

ஹில்டா: இதோ ஆஸ்பேட்ரியா. நம்மளை இறக்கி விட்ட ஊரு. கோழிக்கு ரொட்டி போடலையா?

ஏவிஸ்: அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ அழக் கூடாது.

ஹில்டா: நான் எப்போ அழுதேன்?

ஏவிஸ்: கவுன்டர் பையன் தப்பா அடிக்கல. நான்தான் கேட்டு வாங்கினேன். எனக்கு ரிட்டர்ன். உனக்கு... ஒரு வழி.

ஹில்டா: ஒரு பவுண்டுக்காகவா? என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வர ஒரு பவுண்டு உனக்கு அதிகமாப் போச்சா?

ஏவிஸ்: பவுண்டுக்காக இல்ல. நீ திரும்பி வரப் போறது இல்ல அக்கா. அதான்.

ஹில்டா: எங்க இருக்கப் போறேன்?

ஏவிஸ்: ஃபெர்ன் ஹவுஸ்ல.

ஹில்டா: சொல்லு. அது என்ன இடம்? உன் வாயால சொல்லு.

ஏவிஸ்: வயசானவங்க இல்லம். நீ இனிமேதான் போகப் போறேன்னு இல்ல... நீ அங்கதான் இருக்கே அக்கா. ரெண்டு வருஷமா. மாசத்துல ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கார்ல உன்னைக் கூட்டிட்டு வருவேன். ஒரு ராத்திரி வீட்டுல தூங்குவே. மறுநாள் இந்த ரயில்ல கொண்டுபோய் விட்டுட்டு வருவேன். நேத்து கூட இல்லத்தைப் பாத்துக்கற மிஸஸ் பெல் வாசல்ல நின்னு கையாட்டினாங்களே...

ஹில்டா: ரெண்டு வருஷமா.

ஏவிஸ்: ஆமா.

ஹில்டா: எதுக்குப் போனேன் அங்க?

ஏவிஸ்: மாடிப்படியில விழுந்தே. இடுப்பு. ஆறே வாரம் இருந்துட்டு வந்துடலாம்னு போனே.

ஹில்டா: இப்போ இடுப்பு எப்படி இருக்கு?

ஏவிஸ்: நல்லாத்தான் இருக்கு. நேத்து தோட்டத்துல குனிஞ்சு பீட்ரூட் பிடுங்கினியே.

ஹில்டா: அப்புறம் என்ன கேடு?

ஏவிஸ்: உனக்கு... மறதி அக்கா.

ஹில்டா: என்ன மறந்தேன்?

ஏவிஸ்: இதோ, இதைத்தான். மாசா மாசம் இதே ரயில். இதே சீட்டு. டிக்கெட்டை வாங்கிப் பாப்பே. ‘எனக்கு மட்டும் ஏன் ஒரு வழி’ம்பே. அப்பா, சவப்பெட்டி, எல்லாம் வரும். டெரிக்கைக் கூப்பிட்டு ஒரு பவுண்டு கொடுப்பே. முதல் தடவை கேட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நீ எங்க இருக்கேன்னே உனக்குத் தெரியலையேன்னு. அன்னிக்கே மிஸஸ் பெல்கிட்ட சொன்னேன். அவங்கதான் சொன்னாங்க, இப்படித்தான் ஆரம்பிக்கும், இனிமே வீட்டுல தனியா வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்கன்னு.

ஹில்டா: அதை வச்சா?

ஏவிஸ்: அதை வச்சுத்தான்.

ஹில்டா: வேற என்ன மறந்தேன்?

ஏவிஸ்: வேற... நிறைய இருக்கும்.

ஹில்டா: ஒண்ணு சொல்லு.

ஏவிஸ்: அடுப்பு... இல்ல, அடுப்பை எரியவிட்டுட்டுப் போனது நான்தான். பேரு... இல்ல, பேரெல்லாம் சொல்லிடறே. சட்டுனு கேட்டா எப்படிச் சொல்றது? விக்டன் வந்தாச்சு.

ஹில்டா: அந்தப் பவுண்டு?

ஏவிஸ்: எந்தப் பவுண்டு?

ஹில்டா: மாசா மாசம் அந்தத் தம்பிகிட்ட கொடுக்கிறேனாமே.

ஏவிஸ்: உன்னை உள்ள உட்கார வச்சுட்டு நான் திரும்ப ஸ்டேஷனுக்கு வர்றப்போ டெரிக் அதை எங்கிட்ட கொடுத்துடுவார். நல்ல மனுஷன். நான் அதுல உனக்கே இஞ்சி பிஸ்கட் வாங்கிடுவேன்.

ஹில்டா: என் காசுலயே எனக்கு பிஸ்கட்.

ஏவிஸ்: கோவப்படாதே. நீ கோவப்பட்டாலும் பரவாயில்ல. எப்படியும் அடுத்த மாசம் உனக்கு இது ஞாபகம் இருக்காது.

ஹில்டா: அதனாலதான் இவ்வளவும் சொல்றியா?

ஏவிஸ்: ஆமா. கார்லைலுக்கு முந்தின ஸ்டேஷன் டால்ஸ்டன் நெருங்கினா எனக்கு மனசு தாங்காது. ஏதாவது ஒண்ணை உங்கிட்ட கொட்டிடுவேன். பாதிரியார்கிட்ட சொல்ற மாதிரி. நீ கேப்பே, தலையாட்டுவே, மறந்துடுவே. எனக்கு லேசாயிடும்.

ஹில்டா: இன்னிக்கு என்ன கொட்டப் போறே?

ஏவிஸ்: ...வேண்டாம்.

ஹில்டா: எப்படியும் மறந்துடுவேனே. கொட்டு.

ஏவிஸ்: நீ இல்லாம வீடு நல்லா இருக்கு அக்கா. ரேடியோவை என் இஷ்டத்துக்கு வைக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் ரொட்டியும் ஜாமும் தின்னா கேக்க ஆளில்ல. பிறந்ததுல இருந்து நீ சொன்ன திரைச்சீலை, நீ சொன்ன நிறம், நீ சொன்ன நேரத்துக்கு டீ. முதல் வாரம் அழுதேன். ரெண்டாவது வாரம் மஞ்சள் திரைச்சீலை வாங்கினேன். நீ வர்ற சனிக்கிழமை மட்டும் அதைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிடுவேன்.

ஹில்டா: மஞ்சளா?

ஏவிஸ்: எலுமிச்சை மஞ்சள். டாக்டர் ஒரு நாள் சொன்னார், வேணும்னா ஒரு மாசம் வீட்டுல வச்சுப் பாருங்களேன்னு. நான் வேண்டாம்னுட்டேன். ரிட்டர்ன் வாங்கி உன் கையில கொடுத்தா நீ ஏறிடுவியோன்னு பயம். அவ்வளவுதான். பவுண்டு இல்ல அக்கா. பயம்.

ஹில்டா: ம்.

ஏவிஸ்: திட்டு. நாலு வார்த்தை திட்டேன்.

ஹில்டா: டீ இருந்தா ஊத்து. சர்க்கரை ரெண்டு.

ஏவிஸ்: ...இந்தா. பாத்துக் குடி, வண்டி ஆடுது. கார்லைல் வருது பாரு. கோட்டை மாட்டிக்கோ.

ஹில்டா: மாட்டிக்கலை.

ஏவிஸ்: வெளியில குளிருது.

ஹில்டா: நான் வெளியில போகலையே.

ஏவிஸ்: அக்கா, விளையாடாதே. எல்லாரும் இறங்கியாச்சு. எழுந்திரு. கையைக் கொடு.

ஹில்டா: டெரிக் தம்பி, இங்க வாங்க.

டெரிக்: என்னம்மா? இறங்கக் கை கொடுக்கணுமா?

ஹில்டா: இந்த வண்டி இங்கயே நிக்குமா, எங்கயாவது போகுமா?

டெரிக்: இதே வண்டிதான்மா திரும்புது. மேரிபோர்ட், வொர்க்கிங்டன் வழியா. டிரைவர் அந்தக் கோடிக்குப் போறதுதான் பாக்கி.

ஹில்டா: அப்போ இந்த டிக்கெட் செல்லுமா பாருங்க.

டெரிக்: நான்தானே கொடுத்தேன். செல்லும். ஆனா அம்மா...

ஏவிஸ்: அவங்களுக்குப் புரியல டெரிக். நான் பாத்துக்கிறேன். அக்கா, மெதுவாக் கேளு. இங்கதான் உன் அறை இருக்கு. ஜன்னல் ஓரம் கட்டில். மிஸஸ் பெல் காத்துக்கிட்டிருப்பாங்க. ஆட்டுக்கறி ஆறிடும்...

ஹில்டா: என் கைப்பையை எடு. உள்ள ஜிப்பைத் திற. கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னாடி.

ஏவிஸ்: என்ன இது, ரப்பர் பேண்டு போட்டு... டிக்கெட்டா?

டெரிக்: எல்லாம் வர்றதுக்கான பாதி. கார்லைல்ல இருந்து வொர்க்கிங்டன். ஒண்ணு கூடக் கிழிக்கல. அம்மா, இதெல்லாம்... இதெல்லாம் என் கையால கொடுத்தது.

ஏவிஸ்: இதை எதுக்குச் சேத்து வச்சே? தேதி வாரியா அடுக்கி வேற... தேதி வாரியா... அக்கா?

ஹில்டா: டீ சிந்துது பாரு.

டெரிக்: ஒவ்வொரு தடவையும் நான் உங்க தங்கச்சிகிட்ட பவுண்டைத் திருப்பிக் கொடுக்கறப்போ, இல்லத்துல பத்திரமா விட்டாச்சான்னு கேப்பேன்மா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் நானும்...

ஹில்டா: உங்க மேல தப்பில்ல தம்பி. நீங்க ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டைச் சரியாத்தான் கொடுத்தீங்க.

ஏவிஸ்: அப்போ நான்... நான் மாசா மாசம் உங்கிட்ட சொன்னதெல்லாம்...

ஹில்டா: அம்மாவோட நீல டீக்கெண்டியை உடைச்சது பூனை இல்ல, நீ. அது மார்ச் மாசம். என் கம்பளிக் கோட்டைக் சர்ச் பழசு விற்பனையில போட்டது ஜூன் மாசம். மஞ்சள் திரைச்சீலை இன்னிக்கு.

ஏவிஸ்: கடவுளே. அக்கா... உனக்கு எப்போ ஞாபகம் திரும்பி வந்துது?

ஹில்டா: நான் எப்போடி மறந்தேன்? ‘எனக்கு ஞாபகமில்ல’ன்னு ஒரு தடவையாவது என் வாயில வந்திருக்கா? ‘எனக்கு மட்டும் ஏன் ஒரு வழி’ன்னு கேட்டேன். கேள்வி அதுதான். மாசா மாசம் அதையே கேட்டேன், என்னிக்காவது நீ வெக்கப்பட்டுக்கிட்டு எனக்கும் ரிட்டர்ன் வாங்குவேன்னு. நீ பதில் சொல்லப் பயந்துக்கிட்டு அதுக்கு மறதின்னு பேரு வச்சே. டெரிக் தம்பி, விசிலை ஊதுங்க. ஏவிஸ், நீ இறங்கறதுன்னா இறங்கிப் போய் என் பங்கு ஆட்டுக்கறியையும் தின்னுட்டு வா. வர்றதுன்னா எழுந்து இந்தப் பக்கம் உட்காரு, கடல் பக்கத்து ஜன்னல் எனக்கு. அந்த மஞ்சள் திரைச்சீலையை மாட்டித்தான் பாப்போமே, எப்படித்தான் இருக்குன்னு.